கனிவை அன்றாட வழிபாடாகப் பழகுவது எப்படி

ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். பல வருடங்களாக இதே வேலைதான். குழந்தை பிறந்த சேதி கேட்டு வருகிறவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே வழி கேட்பார்கள். மற்றவர்கள் முகத்தில் பயம், அலைச்சல், பணக்கவலை, தூக்கமின்மை என்று ஏதாவது ஒன்று இருக்கும். காலையில் வீட்டில் கண்ணை மூடிக் கடவுளிடம் பேசிவிட்டுத்தான் கிளம்புகிறேன். அப்படிப் பேசியதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்பது, முதல் ஆள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "எவ்வளவு நேரமா நிக்கிறேன், கண்ணு தெரியலையா?" என்று கேட்கும்போது தெரிந்துவிடும்.

பிறரிடம் மரியாதையாகவும் கனிவாகவும் நடப்பதை நாம் சுபாவம் என்று நினைத்துவிடுகிறோம். "அவங்க குணமே அப்படி" என்கிறோம். அப்படி விட்டுவிட்டால், மனசு நன்றாக இருக்கிற நாளில் கனிவு வரும், இல்லாத நாளில் வராது. பூசையையோ தொழுகையையோ ஜெபத்தையோ யாரும் மனநிலையைப் பார்த்துச் செய்வதில்லை. அசதியாக இருந்தாலும் நேரம் வந்தால் செய்கிறோம். கனிவையும் அப்படி ஒரு நியமமாக வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன்.

இதைப் பெரியவர்கள் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கீதையின் 17-ஆம் அத்தியாயம் தவத்தை உடல், வாக்கு, மனம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. வாக்கால் செய்யும் தவம் எது என்று சொல்லும் இடத்தில், பிறர் மனதைக் கலக்காத, உண்மையான, இனிய, நன்மை தரும் பேச்சையும் வேதம் ஓதுவதையும் ஒரே சுலோகத்தில் வைக்கிறது. ஓதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அதே வரியில் இருக்கிற மற்றதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? திருமூலர் இன்னும் எளிதாகச் சொல்லிவிட்டார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, அதுவும் முடியாவிட்டால்கூட இருக்கவே இருக்கிறது ஓர் இன்சொல். இவையெல்லாம் எல்லோராலும் முடிந்தவை என்கிறார். குர்ஆனின் 4-ஆம் அத்தியாயத்தில், உங்களுக்கு ஒருவர் வாழ்த்துச் சொன்னால் அதைவிடச் சிறப்பாகப் பதில் சொல்லுங்கள், குறைந்தது அதே அளவுக்காவது சொல்லுங்கள் என்று கட்டளையே இருக்கிறது. வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்வதுவரை இறங்கி வந்து பேசியிருக்கிறார்கள் என்றால், அது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

சரி, எப்படித் தொடங்குவது?

ஒரே ஒரு சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"இன்றிலிருந்து எல்லோரிடமும் அன்பாக இருப்பேன்" என்று முடிவெடுக்காதீர்கள். மதியத்துக்குள் கைவிட்டுப் போகும். வழிபாட்டுக்கு நேரமும் இடமும் இருப்பதுபோல இதற்கும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வீட்டில் முதலில் கண்ணில் படுகிறவரிடம் பேசும் முதல் வாக்கியம். அல்லது வேலைக்குப் போகிற இடத்தில் கதவைத் திறக்கும் காவலாளி. அல்லது தொலைபேசியை எடுக்கும் கணம். ஏதாவது ஒன்று போதும். அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும், உங்கள் மனசு எப்படி இருந்தாலும், நிதானமாக, முகத்தைப் பார்த்து, மரியாதையாகப் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனசு இல்லாமல் செய்தால் அது நடிப்பு ஆகாதா என்று என்னிடம் சிலர் கேட்டதுண்டு. ஆகாது. மனசு ஒன்றாத நாளிலும் பிரார்த்தனை செய்கிறோமே, அதை யாரும் நடிப்பு என்பதில்லை. எதிரில் நிற்பவருக்கு உங்கள் மனசு உள்ளே எப்படி இருக்கிறது என்பது தெரியாது. உங்கள் குரல்தான் தெரியும். அதைச் சரியாக வைத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் நன்மை. மனசு பெரும்பாலும் குரலுக்குப் பின்னாலேயே வந்துவிடுகிறது. அதை நான் தினமும் மேசையில் பார்க்கிறேன். குரலைத் தாழ்த்தினால் நெஞ்சுப் படபடப்பும் தாழ்கிறது.

அந்த ஒரு சந்தர்ப்பம் பழகிய பிறகு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம்.

கேட்பதில்தான் பாதி இருக்கிறது

வயதானவர் ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ஸ்கேன் அறை எங்கே என்று கேட்கிறார். இரண்டாவது மாடி, இடது பக்கம் என்று சொல்கிறோம். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து அதையே கேட்கிறார். மறுபடியும் சொல்கிறோம். மூன்றாவது முறையும் வருகிறார். பின்னால் வரிசை நீள்கிறது. அந்த மூன்றாவது முறையில்தான் எல்லாம் இருக்கிறது. "இப்பத்தானே சொன்னேன்" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். அதை அங்கேயே நிறுத்துவதற்கு நான் செய்வது இது.

முதலில் கையில் இருக்கிற பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். பேனா கையில் இருக்கும்வரை உடம்பு அடுத்த வேலைக்குத் தயாராகவே இருக்கும். அப்புறம் உடம்பை முழுசாக அவர் பக்கம் திருப்புவேன். கழுத்தை மட்டும் திருப்பிப் பேசினால், "நீ சீக்கிரம் போ" என்று சொல்வதற்குச் சமம். அவர் சொல்வதை முடிக்க விடுவேன். பிறகு அவர் சொன்னதையே ஒரு தடவை திருப்பிச் சொல்வேன்: "ஐயா, உங்க வீட்டம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கணும், அந்த அறைக்குப் போகணும், அப்படித்தானே?" இதைச் சொன்னதும் முகத்தில் ஒரு தளர்ச்சி வருவதைப் பார்க்கலாம். தான் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு சின்னத் தாளில் பெரிய எழுத்தில் மாடி எண், அறை எண் ஆகிய இரண்டை மட்டும் எழுதிக் கொடுப்பேன். மேசையிலிருந்து எழுந்து வந்து, லிஃப்ட் எந்தப் பக்கம் என்று நின்று கைகாட்டுவேன். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்று முறை கேட்கிறவருக்கு வழி மறந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். பயத்தில் இருப்பவர் காதில் எதுவும் தங்காது. அவருக்கு வழியைவிட, யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதுதான் அப்போது தேவை. வீட்டில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

முடியாது என்று சொல்லும்போது

கனிவானவர்கள் எல்லாவற்றுக்கும் சரி சொல்வார்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது தவறு. செய்ய முடியாததைச் செய்கிறேன் என்பதும், "பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதும் எதிரில் நிற்பவரை அலைக்கழிக்கும். நல்ல பேச்சுக்கு புத்தர் ஐந்து அடையாளங்கள் சொன்னார்: உரிய நேரத்தில் சொல்வது, உண்மையாக இருப்பது, மென்மையாகச் சொல்வது, பயன் தருவது, நல்லெண்ணத்தோடு சொல்வது. ஐந்தில் உண்மையும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். மென்மைக்காக உண்மையை விட்டுவிடச் சொல்லவில்லை.

எனக்கு இது பார்வை நேரம் முடிந்த பிறகு அடிக்கடி தேவைப்படும். "டைம் முடிஞ்சுபோச்சு, ரூல்ஸ் அப்படித்தான்" என்று சொன்னால் உண்மைதான், ஆனால் கதவை முகத்தில் சாத்துகிற மாதிரி இருக்கும். நான் சொல்வது இப்படி: "பார்வை நேரம் முடிஞ்சிருச்சும்மா. இப்ப உள்ளே இருக்கிறவங்க தூங்குற நேரம், அதனாலதான் விடுறதில்லை. நீங்க தூரத்திலிருந்து வந்திருக்கீங்கன்னு தெரியுது. வார்டு சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கிறேன். அவங்க முடியாதுன்னா நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம்னு எழுதித் தர்றேன்." இதில் மறுப்பு முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது; அதை ஒளிக்கவில்லை. காரணம் இருக்கிறது. அவர் பட்ட சிரமம் கண்ணில் பட்டது என்பது இருக்கிறது. அடுத்து என்ன செய்யலாம் என்பதும் இருக்கிறது. கடன் கேட்கும் உறவினரிடமும், கூடுதல் வேலை கேட்கும் மேலாளரிடமும் இதே வரிசையில் சொல்லிப் பாருங்கள்.

கோபத்தோடு வருகிறவர்கள்

"அமைதியா இருங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டு அமைதியானவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அவர் குரல் உயர்ந்தால் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள், வேகத்தைக் குறையுங்கள். அவரால் உடனே பதில் சொல்ல முடிகிற ஒரு சாதாரணக் கேள்வியைக் கேளுங்கள். "பேஷன்ட் பேர் என்னங்க?" "எத்தனை மணிக்கு வந்தீங்க?" பதிலை யோசிக்கிற நேரத்தில் கோபம் ஒரு படி இறங்கும். தாமதம் நம் பக்கத்துத் தவறு என்றால், சுற்றி வளைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. கெட்ட வார்த்தை பேசினாலோ கை நீட்டினாலோ பொறுத்துக்கொண்டு நிற்பது பக்தி ஆகாது. "உங்களுக்கு உதவி செய்யத்தான் உட்கார்ந்திருக்கேன். இந்த வார்த்தை மட்டும் வேண்டாம்" என்று நிமிர்ந்து பார்த்துச் சொல்லுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் காவலாளியைக் கூப்பிடுங்கள், விலகிப் போங்கள். கடவுள் படைத்த உயிர்களில் நீங்களும் ஒருவர். உங்களை மிதிக்க விட்டுவிட்டு மற்றவர்களிடம் கனிவாக இருப்பது நீண்ட நாள் ஓடாது. குறிப்பாகப் பெண்களிடம் "பொறுத்துப் போ" என்று சொல்லிச் சொல்லியே அடக்கிவைத்திருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வீடு

எனக்குத் தெரிந்து மிகக் கடினமான இடம் இதுதான். நாள் முழுக்க வெளியாட்களிடம் நிதானமாகப் பேசிவிட்டு, மிச்சம் மீதி எரிச்சலை எல்லாம் வீட்டுக்காரர்களுக்கு என்று எடுத்து வருகிறோம். வள்ளுவர் 'இனியவை கூறல்' அதிகாரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இல்லறவியலில், விருந்தோம்பலுக்கு அடுத்து, செய்ந்நன்றி அறிதலுக்கு முன்னால். வீட்டுக்குள்ளிருந்துதான் அது தொடங்குகிறது.

செய்ய வேண்டியது மூன்று. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு மூச்சு நின்று, உள்ளே போனதும் சொல்லப்போகிற முதல் வாக்கியத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அது குற்றம் கண்டுபிடிக்கும் கேள்வியாக இருக்கக் கூடாது. "இன்னும் விளக்குப் போடலையா?" "படிச்சியா இல்லையா?" போன்றவை பத்து நிமிடம் காத்திருக்கலாம். வெளியாள் செய்திருந்தால் நன்றி சொல்லியிருப்பீர்கள் அல்லவா, அதே வேலையை வீட்டில் ஒருவர் செய்தாலும் சொல்லுங்கள். துணி மடித்து வைத்ததற்கு, தண்ணீர் பிடித்து வைத்ததற்கு. "வீட்டு ஆளுக்கு என்ன தேங்க்ஸ்" என்று நினைக்கிறவர்கள், சொல்லிவிட்டு எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்க்கட்டும். மூன்றாவது, பழைய கணக்கை எடுக்காமல் இருப்பது. இன்றைய சண்டை இன்றைக்கானது. "போன வருஷம் நீ இப்படித்தான்" என்று தொடங்கும் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவதும் ஒரு விரதம்தான்.

குழந்தைகளுக்கும் மரியாதை உண்டு. அவர்கள் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது கூப்பிட வேண்டுமானால், "முடிச்சிட்டு வர்றியா?" என்று கேளுங்கள். அறைக்குள் போகும்முன் கதவைத் தட்டுங்கள்.

கண்ணில் படாதவர்கள்

நமக்கு மேலே இருப்பவரிடம் மரியாதையாக இருப்பதில் விசுவாசத்துக்கு வேலையே இல்லை. அது பிழைப்புக்குத் தேவை. நமக்கு எதுவும் திருப்பித் தர முடியாதவரிடம் எப்படி இருக்கிறோம் என்பதே கேள்வி. எங்கள் வளாகத்தில் தரை துடைக்கும் அம்மா இருக்கிறார். அவர் ஈரத் துணியால் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் நாலு பேர் அதன் மேலேயே நடந்து போவார்கள். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, அவரைப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். எனவே இங்கே பயிற்சி பார்ப்பதில் தொடங்குகிறது. ஈரமாக இருந்தால் சுற்றிப் போங்கள், இல்லையென்றால் நின்று "போகலாமாம்மா?" என்று கேளுங்கள். தினமும் பார்க்கிறவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதில் சின்னவராக இருந்தாலும் "நீங்க" என்றே பேசுங்கள். பில் போடுகிறவர் முன்னால் நிற்கும்போது காதிலிருந்து செல்போனை எடுத்துவிடுங்கள். பொருள் கொண்டுவந்து கொடுக்கிறவர் மூச்சு வாங்க நின்றால், கையெழுத்துப் போடும்முன் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.

உதவி செய்யும்போது ஒருவரைச் சின்னவராக்காமல் இருப்பது

இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். புண்படுத்தும் சொல்லோடு வரும் தானத்தைவிட, ஒரு நல்ல வார்த்தையும் மன்னிப்பும் மேலானவை என்று குர்ஆனின் 2-ஆம் அத்தியாயம் சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். அதில் முகம் சுளித்துக் கொடுப்பதுதான் கடைசிப் படி. ஒருவருக்கு வேலையோ கடனோ தொழிலில் கூட்டோ கொடுத்து, இனிமேல் அவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லாதபடி செய்வதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

என் மேசையில் இது ஒரு படிவத்தோடு வரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் படிவத்தை நீட்டி, "கண்ணாடி கொண்டுவரலைம்மா, கொஞ்சம் எழுதித் தர்றீங்களா?" என்பார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. "குடுங்கய்யா, நீங்க சொல்லிக்கிட்டே வாங்க, நான் எழுதுறேன்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். படிவத்தை அவருக்கும் தெரியும்படி பக்கவாட்டில் வைத்து எழுத வேண்டும். எழுதி முடித்ததும், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில், ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி, "சரியா இருக்கா, வேற ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்க வேண்டும். விவரம் அவருடையது, நான் எழுதுகிறவள் மட்டுமே என்று ஆகிவிடும். உரத்த குரலில் "படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அதே படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலும் வேலை முடிந்துவிடும். அவர் மட்டும் தலை குனிந்து போவார்.

உதவி செய்ததை அப்புறம் யாரிடமும் சொல்ல வேண்டாம். படம் எடுத்துப் போடவும் வேண்டாம்.

தவறிப் போனால்

யாராக இருந்தாலும் ஒரு நாள் வார்த்தை தடிக்கும். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு இதற்கு வழி சொல்கிறார். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானமாகு, பிறகு வந்து காணிக்கை செலுத்து என்கிறார். வழிபாடே கொஞ்சம் காத்திருக்கட்டும் என்கிறார் பாருங்கள். யூத மரபிலும், மனிதருக்கு மனிதர் செய்த குற்றத்தை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாதவரை, பாவமன்னிப்பு நாள்கூடத் தீர்க்காது என்று விதி இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கும்போது எதற்காக என்று சொல்லுங்கள். "ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்பதில் எதுவும் இல்லை. "எல்லார் முன்னாலயும் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். "ஆனா நீங்களும்..." என்று தொடர வேண்டாம். உடனே அவர் சிரித்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அவருக்கு நேரம் எடுக்கலாம். எழுதி அனுப்புவதைவிட நேரில் சொல்வது நல்லது, நேரில் முடியாவிட்டால் குரலில். பலர் முன்னால் புண்படுத்தியிருந்தால், மன்னிப்பையும் அவர்களில் சிலர் காதிலாவது விழும்படி கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரே விதி போதும். கோபத்தில் தட்டியதை அனுப்பாமல் வைத்திருந்து, காலையில் எழுந்து படித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இரவில் படுக்கும்முன், வழக்கமான பிரார்த்தனையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சந்திக்கப்போகிறவர்களில் உங்களுக்கு யாரிடம் பேசுவது கஷ்டமாக இருக்கும் என்று யோசியுங்கள். அடுத்த மேசைக்காரராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். அவரிடம் சொல்லப்போகிற முதல் வாக்கியத்தை இப்போதே தயார் செய்துவிடுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். "நேத்து முட்டி வலின்னு சொன்னீங்களே, இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பது போல ஏதாவது. அதைச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை நின்று கேளுங்கள்.